கேட்போரும் களனும்: கல்லூரி ஆங்கில ஆசிரியர் கருத்தரங்குகள் பற்றிய ஒரு திறனாய்வு

முன்னுரை

கல்லூரிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஒன்றுகூடிக் கட்டுரை படித்து விவாதிக்கும் கருத்தரங்குகள் இந்தியக் கல்விச் சூழலில் நிலைபெற்றுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. 1974-இல் தோன்றிய இந்திய ஆங்கில மொழி ஆசிரியர் சங்கம் போன்ற அமைப்புகளும், பல்கலைக்கழகத் துறைகளும், தனிக் கல்லூரிகளும் இவற்றை நடத்தி வந்துள்ளன. இக்கருத்தரங்குகளில் பேசப்பட்ட பொருள்கள் பற்றித் திறனாய்வுகள் பல எழுந்துள்ளன. ஆங்கில இலக்கியம் ஏன் கற்பிக்கப்படுகிறது, எதைக் கற்பிக்க வேண்டும், யாருடைய நலனுக்காகக் கற்பிக்கப்படுகிறது என்னும் வினாக்கள் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. ஆனால் கருத்தரங்கு என்னும் வடிவம் எவ்வாறு திட்டமிடப்படுகிறது, அதில் கேட்போர் யார், அவர்கள் அறிந்த மொழிகளுக்கு அக்களத்தில் இடம் உண்டா என்னும் வினாக்கள் போதிய கவனம் பெறவில்லை.

தலைநகர் தில்லியில் நிகழ்ந்த ஆங்கிலக் கல்வி விவாதங்களைச் சான்றாகக் கொண்டு, அவற்றை அந்நகரின் தமிழர் வாழும் பகுதிகளுள் ஒன்றான லக்ஷ்மிபாய் நகரிலிருந்து நோக்குவது இக்கட்டுரையின் முயற்சியாகும். கருத்தரங்கின் குறைபாடு பெரிதும் அதன் பொருள் தேர்வில் இல்லை. கேட்போரைத் தேர்வதில்தான் உள்ளது என்பதும், மூலமொழி அறிந்த கேட்போர் அவையில் இடம்பெறாதவரை மொழிபெயர்ப்பு வழியாக ஆங்கில வகுப்பறைக்குள் வந்த இந்திய இலக்கியம் முறையாக மதிப்பிடப்பட இயலாது என்பதும் இங்கு நிறுவப்படும் கருத்துகளாகும்.

1. சொல்லும் பொருளும்

இத்தகைய கூட்டங்களைக் குறிக்கத் தமிழ் இருபதாம் நூற்றாண்டில் ஒரு சொல் தொகுதியை உருவாக்கிக் கொண்டது. மாநாடு, கருத்தரங்கு, ஆய்வரங்கு, பயிலரங்கு, அமர்வு, பேராளர், மையவுரை என்பன அவற்றுட் சில. இவற்றுள் ‘அரங்கு’ என்னும் உறுப்பு திரும்பத் திரும்ப வருவது நோக்கத்தக்கது. ஆங்கிலத்தின் ‘செமினார்’ என்னும் சொல் நாற்றங்கால் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. விதைத்து வளர்த்தல் என்னும் கருத்து அதில் அடங்கியுள்ளது. ‘கான்பரன்ஸ்’ என்பதோ ஓரிடத்தே கொணர்ந்து சேர்த்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது. தமிழ் இவ்விரண்டையும் சொல்லுக்குச் சொல் பெயர்க்கவில்லை. ஆடலும் நூலும் ஏறிய இடமாகிய அரங்கைக் கொண்டு புதிய சொற்களை ஆக்கிக் கொண்டது.

இச்சொல்லாக்கத்தால் விளைந்த பொருள் வேறுபாடு சிறிதன்று. நாற்றங்காலில் வளர்ப்பவரும் வளர்வதுமே உள. அரங்கிலோ நிகழ்த்துபவரும் காண்பவரும் எதிரெதிரே உளர். காண்பவர் இல்லாத அரங்கு அரங்கெனப் பெயர் பெறாது. எனவே ‘கருத்தரங்கு’ என்னும் தமிழ்ச்சொல் தன் அமைப்பிலேயே கேட்போரை வேண்டி நிற்கிறது. இன்றைய நடைமுறையில் இச்சொல் அப்பொருளை இழந்து, கட்டுரைகள் வரிசையாகப் படிக்கப்படும் நிகழ்ச்சி என்னும் அளவில் சுருங்கிவிட்டது. ‘பயிலரங்கு’ என்னும் சொல் ஓரளவு தப்பியது. அங்கே பயில்வோர் இன்றி நிகழ்ச்சி இல்லை. இவ்விரு வடிவங்களுக்கும் இடையிலுள்ள தொலைவே ஆங்கில ஆசிரியர் கூட்டங்களின் சிக்கலை விளக்கப் போதுமானது. பயிலரங்கில் வகுப்பறை பேசுபொருளாகிறது. கருத்தரங்கில் நூலகம் பேசுபொருளாகிறது.

2. பாயிரம் தரும் அளவுகோல்

கருத்தரங்கை மதிப்பிட ஓர் அளவுகோல் தேவைப்படுகிறது. தமிழிலக்கண மரபில் பாயிரம் பற்றிய கோட்பாடு அத்தகைய அளவுகோலாகப் பயன்படத்தக்கது. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூல், சிறப்புப்பாயிரம் உணர்த்த வேண்டியவற்றை வரையறுக்கிறது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன எட்டு. காலம், களன், காரணம் என்னும் மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர். இன்றைய கருத்தரங்கு அறிவிப்பொன்றை இப்பதினொன்றோடு ஒப்பிட்டால், நூற்பெயர்க்கு இணையான தலைப்பும், நுதலிய பொருளும், காலமும், களனாகிய இடமும் அங்கே விரிவாகத் தரப்பட்டிருப்பதைக் காணலாம். கேட்போர் யார் என்பதும் அவர்க்குரிய பயன் யாது என்பதும் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் கலந்து கொள்ளலாம் என்னும் பொது வாய்பாட்டோடு அறிவிப்பு நின்றுவிடுகிறது.

பாயிர மரபில் களன் என்பது கட்டடத்தை மட்டும் குறிப்பதன்று. நூல் அரங்கேறிய அவையையும் குறிப்பது. தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் அந்நூல் நிலந்தரு திருவிற் பாண்டியனது அவையில் அரங்கேறியதையும், அதங்கோட்டாசானுக்கு ஐயமறத் தெரிவிக்கப்பட்டதையும் பதிவு செய்கிறது. நூலாசிரியன் பெயரோடு கேட்டவன் பெயரும் நின்று நிலவுகிறது. இறையனார் களவியல் உரை கூறும் வரலாறு இன்னும் தெளிவானது. சங்கப்புலவர் நாற்பத்தொன்பதின்மரும் தத்தம் உரையே மெய்யுரை எனக் கொண்டபோது, அவற்றைக் கேட்டுத் தேர்ந்து சொல்ல ஒரு காரணிகன் வேண்டப்பட்டான். ஐந்து வயது நிரம்பிய ஊமைச் சிறுவன் உருத்திரசன்மன் அவ்விடத்தில் அமர்த்தப்பட்டான். நக்கீரர் உரை கேட்டு அவன் கண்ணீர் வார்த்தமையால் மெய்யுரை துணியப்பட்டது. இது வரலாறா புனைவா என்பது இங்கு வினாவன்று. கேட்பவரின்றி உரைக்கு மதிப்பில்லை என்பதும், கேட்பவர் அதிகாரத்தால் அல்லாமல் உணரும் திறத்தால் தேரப்பட வேண்டும் என்பதும் இவ்வரலாறு கூறும் கருத்துகளாகும்.

இம்மரபு மொழிபெயர்ப்பாளர்க்கும் உரியது. தொல்காப்பிய மரபியல் வழிநூலை வகைப்படுத்தும்போது தொகுத்தல், விரித்தல், தொகைவிரி ஆகியவற்றோடு மொழிபெயர்த்தலையும் ஒரு வகையாக வைத்து எண்ணுகிறது. மொழிபெயர்ப்பு ஈண்டு நூல் யாக்கும் முறைகளுள் ஒன்று. நூலுக்குப் பின்வரும் துணைப்பணியாகக் கருதப்படவில்லை. இவ்விரு கருத்துகளையும், அதாவது கேட்போரின் இன்றியமையாமையையும் மொழிபெயர்ப்பின் நூல்நிலையையும் அளவுகோலாகக் கொண்டு தில்லியின் அனுபவத்தை ஆராயலாம்.

3. 1988-ஆம் ஆண்டுக் கருத்தரங்கும் அதன் விளைவும்

தில்லிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மிராண்டா ஹவுஸ் கல்லூரியில் 1988-இல் இந்தியாவில் ஆங்கில இலக்கியக் கல்வி குறித்து நிகழ்ந்த கருத்தரங்கு இத்துறையில் ஒரு திருப்புமுனை எனலாம். அதன் கட்டுரைகளைச் சுவாதி ஜோஷி பதிப்பித்து, ‘ரீதிங்கிங் இங்கிலீஷ்’ என்னும் பெயரில் 1991-இல் தில்லியிலிருந்து வெளியிட்டார். 1994-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் அதனை மறுபதிப்புச் செய்தது. இடைப்பட்ட 1989-இல் கௌரி விசுவநாதனின் ‘மாஸ்க்ஸ் ஆப் கான்குவெஸ்ட்’ வெளிவந்தது. ஆங்கில இலக்கியம் ஒரு பாடத்துறையாக இங்கிலாந்தில் நிலைபெறுவதற்கு முன்பே குடியேற்ற இந்தியாவில் நிறுவப்பட்டது என்பதை அந்நூல் ஆவணங்களோடு காட்டியது. 1992-இல் ராஜேஸ்வரி சுந்தர் ராஜன் பதிப்பித்த ‘தி லை ஆப் தி லேண்ட்’ தொகுதியும் இவ்விவாதத்தை வளர்த்தது.

சுவாதி ஜோஷி தொகுதியின் சிறப்பு மறுக்கத்தக்கதன்று. ஆங்கில ஆசிரியர்கள் தம் பாடத்தின் நடுநிலையை ஐயுற்று, அதன் வரலாற்றைத் தாமே விசாரித்த முயற்சி அது. வங்கத்தின் தொடக்ககாலத் தேசிய உணர்வில் ஷேக்ஸ்பியர் பெற்ற இடத்தை யசோதரா பாக்சி ஆராய்ந்தார். இந்திய இலக்கியங்கள் என்னும் கருத்தாக்கத்தை உருவாக்குவதில் ஆங்கிலத்தின் பங்கினைச் சூசி தாரு ஆராய்ந்தார். மொழிபெயர்ப்புக்கும் குடியேற்ற ஆட்சிக்கும் ஆங்கிலத்தின் எழுச்சிக்கும் உள்ள தொடர்பைத் தேஜஸ்வினி நிரஞ்சனா விளக்கினார். மூன்றாம் உலக இலக்கியம் என்னும் வகைப்பாட்டை அய்ஜாஸ் அகமது கேள்விக்குள்ளாக்கினார். ஒரு கல்லூரிக் கருத்தரங்கிலிருந்து இத்தகைய நூல் பிறந்தமை ஆசிரியர் கூட்டங்களால் இயலக்கூடியதற்குச் சான்றாகும்.

எனினும் முன்னர்க் கண்ட அளவுகோலால் நோக்கும்போது ஓர் இடைவெளி புலனாகிறது. நிரஞ்சனாவின் கட்டுரை மொழிபெயர்ப்பை ஆட்சியின் கருவியாகக் காண்கிறது. அப்பார்வை சரியானது, 1992-இல் வெளிவந்த அவரது நூலிலும் அது விரிவாக நிறுவப்பட்டது. ஆனால் கல்லூரி வகுப்பறையில் அன்றாடம் நிகழும் வாய்மொழி மொழிபெயர்ப்பு அக்கட்டுரையின் எல்லைக்குள் வரவில்லை. தாய்மொழி வழியில் பள்ளிக்கல்வி முடித்த மாணவர் முன் நிற்கும் ஆசிரியர் ஓர் ஆங்கிலப் பாடலை அம்மாணவர் மொழியில் பொருள் விரித்து, பின் ஆங்கிலத்தில் திரும்பச் சொல்லி, இரு மொழிக்கும் இடையே நின்று கற்பிக்கிறார். தமிழகக் கல்லூரிகளில் பகுதி இரண்டு எனப்படும் பொது ஆங்கில வகுப்புகள் பலவும் இவ்வாறே நடைபெற்று வந்தன. இச்செயல் ஆட்சியின் கருவியாகவும் அமையலாம். அதற்கு எதிரான கருவியாகவும் அமையலாம். எது என்பதை வகுப்பறையை நோக்கியே சொல்ல இயலும்.

பெங்களூர்த் திட்டம் என வழங்கிய முயற்சி இங்கு ஒப்பிடத்தக்கது. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் ஆங்கிலத்தைப் பணிகள் வழியாகக் கற்பிக்கும் முறையைச் சோதித்தார். அதன் விளக்கம் 1987-இல் நூலாயிற்று. அத்திட்டம் பற்றிய ஆய்வுக் கூட்டங்களில் நடத்தப்பட்ட பாடங்களே விவாதப் பொருளாயின. பிரபுவின் முடிவுகளை ஏற்பினும் மறுப்பினும், வகுப்பறை முதலில் நின்று அரங்கு அதன்பின் வந்த முறை அங்கே பேணப்பட்டது. பள்ளிக்கல்வியில் இயன்ற இம்முறை கல்லூரி இலக்கிய ஆசிரியர் கருத்தரங்குகளுக்குப் பரவவில்லை.

4. லக்ஷ்மிபாய் நகரிலிருந்து நோக்குதல்

தெற்குத் தில்லியில் சரோஜினி நகர், கித்வாய் நகர் ஆகியவற்றின் அண்மையில் அமைந்தது லக்ஷ்மிபாய் நகர். ஜான்சி அரசியின் பெயர் தாங்கிய இப்பகுதி நடுவணரசு ஊழியர் குடியிருப்பாக அறியப்பட்டது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் தலைநகரில் நடத்தும் ஏழு பள்ளிகளுள் ஒன்று இங்குள்ளது. மந்திர் மார்க், லோதி வளாகம், கரோல்பாக், மோதிபாக், இராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி ஆகிய இடங்களில் ஏனைய பள்ளிகள் உள்ளன. தமிழைப் பாடமாகக் கற்பிப்பது இப்பள்ளிகளின் அடையாளம். அருகிலுள்ள ஐ.என்.ஏ. நிலையத்திலிருந்து மெட்ரோ இரயிலின் மஞ்சள் தடம் 2010 முதல் வடக்கே பல்கலைக்கழக வளாகம் வரை நேரே செல்கிறது. ஒரே வண்டியில் சென்று சேரத்தக்க இவ்விரு களங்களுக்கும் இடையே கல்வி விவாதத்தில் தொலைவு மிகுதியாக உள்ளது.

இத்தகைய குடியிருப்பில் வளரும் தமிழ் மாணவி ஒருத்தியின் மொழிநிலையை எண்ணிப் பார்க்கலாம். வீட்டில் தமிழ், தெருவிலும் கடையிலும் இந்தி, பாடநூலில் ஆங்கிலம் என மூன்று மொழிகள் அவளுக்கு வாய்க்கின்றன. ஆங்கிலப் புதினமொன்றில் ‘ஆன்ட்’ என்னும் உறவுச்சொல் வரும்போது மூன்று உறவு அமைப்புகள் அவள் முன் நிற்கின்றன. இந்தி தந்தையின் உடன்பிறந்தாளைப் பூஆ என்றும், தாயின் உடன்பிறந்தாளை மௌசி என்றும், தாய்மாமன் மனைவியை மாமி என்றும் பிரிக்கிறது. தமிழின் அத்தை தந்தையின் உடன்பிறந்தாளைக் குறிப்பதோடு, பல வட்டார வழக்குகளில் தாய்மாமன் மனைவியையும் மாமியாரையும் குறிக்கிறது. முறைமண உறவு அச்சொல்லில் படிந்துள்ளது. ஆங்கிலச் சொல் இவ்வேறுபாடுகள் எதையும் காட்டுவதில்லை. ஒரு சொல்லைக் கொண்டே சமூக அமைப்பை விளக்கும் வாய்ப்பு இவ்வகுப்பறையில் உண்டு. இம்மாணவியின் மும்மொழி அறிவை இடர்ப்பாடாகக் கொள்ளும் பாடமுறை இவ்வாய்ப்பை இழக்கிறது.

இதனினும் கருதத்தக்கது தன்மைப் பன்மை. தமிழ் முன்னிலையாரை உளப்படுத்தும் ‘நாம்’ என்பதையும் உளப்படுத்தாத ‘நாங்கள்’ என்பதையும் வேறுபடுத்துகிறது. ஆங்கிலத்தின் ‘வீ’ என்பதிலோ இந்தியின் ‘ஹம்’ என்பதிலோ இவ்வேறுபாடு இல்லை. இந்தியாவில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களைத் தன்மைப் பன்மையில் குறித்துப் பேசும் கட்டுரையைத் தமிழில் பெயர்க்க முற்படும் மொழிபெயர்ப்பாளர் உடனே ஒரு முடிவெடுக்க வேண்டியவராகிறார். பேசுபவர் கேட்போரையும் உள்ளடக்குகிறாரா, விலக்குகிறாரா என்பதே அம்முடிவு. தலைநகர்க் கல்லூரியின் சிறப்புப் பட்ட வகுப்பை மனத்திற் கொண்டு எழுதப்பட்ட ஒரு கூற்று, சிவகங்கையிலோ தருமபுரியிலோ பொது ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியரை உளப்படுத்துமா என்பது ஆங்கில வாசகத்தில் மறைந்து கிடக்கிறது. தமிழ்ப் பெயர்ப்பில் வெளிப்பட்டே தீரும். ஆகவே கருத்தரங்குக் கட்டுரைகளை ஒரு பகுதியேனும் இந்திய மொழிகளில் பெயர்ப்பது பரப்புதற் பணி மட்டுமன்று. அக்கட்டுரைகளின் கருத்தைச் சோதிக்கும் முறையாகவும் அது அமையும்.

இதனால் ஆங்கிலத்தை அவையிலிருந்து நீக்க வேண்டும் என்பது பெறப்படாது. வங்க, கன்னட, தமிழ் ஆசிரியர்கள் ஒரே அவையில் உரையாட ஆங்கிலமே இணைப்பாக உதவியது. தமிழியலும் இதற்கு விலக்கன்று. 1964 சனவரியில் இதே தில்லியில் கூடிய 26-ஆவது கீழ்த்திசையியலார் பன்னாட்டு மாநாட்டின்போதுதான் தனிநாயக அடிகளார் முதலியோர் முயற்சியால் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியது. 1966-இல் கோலாலம்பூரில் கூடிய அதன் முதல் மாநாட்டில் ஆங்கிலமே பெரிதும் வழங்கியது. பிற நாட்டறிஞர் கேட்போராக இருந்தமையால் அத்தேர்வு பொருத்தமாயிற்று. கேட்போரை உணர்ந்து மொழியைத் தேர்ந்த நிலை அது. வழக்கத்தால் மொழியைத் தேர்ந்து, கேட்போரை அதற்கேற்பச் சுருக்கும் நிலை வேறு.

5. மொழிபெயர்ப்பு வழி வந்த தமிழ்

மேற்கண்ட சிக்கல் 2000-த்திற்குப் பின் புதிய வடிவம் பெற்றது. ஆங்கிலத் துறைகள் தம் பாடத்திட்டத்தில் மொழிபெயர்ப்பு வழியாக இந்திய இலக்கியங்களை மிகுதியாகச் சேர்த்தன. 2015-இல் தில்லிப் பல்கலைக்கழகம் வகுத்த ஆங்கிலச் சிறப்புப் பட்டப் பாடத்திட்டத்தில் இந்தியச் செவ்வியல் இலக்கியம் என்னும் தாள் முதன்மைப் பாடமாக இடம்பெற்றது. அதில் காளிதாசன், சூத்திரகன் ஆகியோரோடு இளங்கோவடிகளும் வைக்கப்பட்டார். ஆர். பார்த்தசாரதியின் ஆங்கிலப் பெயர்ப்பில் வஞ்சிக்காண்டம் பாடமாயிற்று. ஆங்கிலக் கல்வியின் காலனிய எல்லையைக் கடக்க வேண்டும் என 1988-இல் தொடங்கிய விவாதத்தின் பயன்களுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம்.

ஆயின் அப்பாடத்திட்டத்தின் அச்சுப்படியில் வஞ்சி என்னும் பெயரின் முதலெழுத்து வகரத்திற்குப் பகரமாக, ‘பஞ்சி’ எனப் படிக்கும்படி அமைந்தது. வட இந்திய மொழிகள் பலவற்றில் காணப்படும் வகர பகர மயக்கம் இதற்குக் காரணமாகலாம், அச்சுப்பிழையாகவும் இருக்கலாம். பிழை சிறியது. அது மறைக்கும் பொருளோ பெரிது. வஞ்சி சேரர் தலைநகரின் பெயர். ஒரு கொடியின் பெயர். பகைவர் மண்மேல் படையெடுத்துச் செல்லுதலைப் பாடும் புறத்திணையின் பெயர். ஒரு பாவகையின் பெயர். செங்குட்டுவன் வடதிசை நோக்கிப் படையெடுத்துச் சென்று கண்ணகிக்குக் கல் கொணரும் காண்டத்திற்கு அப்பெயர் அமைந்ததில் இடப்பெயரும் திணைப்பெயரும் ஒருங்கே இயைகின்றன. முதலெழுத்து மாறியபோது இவ்வியைபு முழுதும் கண்ணுக்கு மறைந்தது. லக்ஷ்மிபாய் நகர்ப் பள்ளியில் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் அத்தாளைக் கண்டிருப்பின் இப்பிழையை முதல் நாளே சுட்டியிருப்பார். அத்தகைய கேட்பவர்க்குப் பாடத்திட்ட விவாதங்களில் முறையான இடம் ஏற்படவில்லை.

பாடங்கள் நீக்கப்பட்ட நிகழ்வுகளிலும் இக்குறைபாடு வெளிப்பட்டது. ஏ. கே. இராமானுசனின் ‘முந்நூறு இராமாயணங்கள்’ என்னும் கட்டுரையைப் பல்கலைக்கழகக் கல்விப்பேரவை 2011-இல் வரலாற்றுப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. அக்கட்டுரை 1987-இல் அமெரிக்காவின் பிட்சுபர்க் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த மாநாடொன்றுக்காக எழுதப்பட்டது. அதன் துணைத்தலைப்பு மொழிபெயர்ப்பு பற்றிய மூன்று எண்ணங்கள் எனக் குறிக்கிறது. வான்மீகியின் அகலிகையையும் கம்பனின் அகலிகையையும் ஒப்பிட்டு, உருவொப்புமை, சுட்டுநிலை, குறியீட்டுநிலை என மொழிபெயர்ப்பு உறவுகளை அது வகைப்படுத்துகிறது. அமெரிக்கா செல்லுமுன் இராமானுசன் மதுரை உள்ளிட்ட இடங்களில் கல்லூரி ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றியவர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. கருத்துரிமை பற்றிய பொதுவெளி விவாதம் வலுத்தபோது, மொழிபெயர்ப்புக் கோட்பாடு என்னும் அதன் மையப்பொருள் பின்தள்ளப்பட்டது.

2021-இல் ஆங்கிலச் சிறப்புப் பட்டத்தின் பெண்ணெழுத்துத் தாளிலிருந்து மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’யோடு, பாமா, சுகிர்தராணி ஆகிய இரு தமிழ் எழுத்தாளர்களின் படைப்புகளும் நீக்கப்பட்டன. கல்விப்பேரவையில் மறுப்புக் குறிப்புகள் பதிவாயின. பாமாவின் ‘சங்கதி’ தலித் பெண்களின் பேச்சுமொழியையே தன் நடையாகக் கொண்டது. அப்பேச்சுவழக்கு ஆங்கிலத்தில் எவ்வாறு வந்துள்ளது, எது வரவில்லை, அதனைக் கற்பிக்கும் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்பன ஆங்கில ஆசிரியர் கருத்தரங்குகள் முன்னரே எடுத்து விவாதித்திருக்க வேண்டிய வினாக்கள். மூலமொழி அறிந்தோர் துணையோடு அவ்விவாதம் வேரூன்றியிருப்பின் நீக்கம் தடுக்கப்பட்டிருக்கும் என்று கூற இயலாது. ஆனால் அவ்வெழுத்துகளுக்கு ஆதரவாக எழுந்த குரல் கருத்துரிமையோடு நில்லாமல், அவற்றின் மொழி வளத்தையும் சான்றாகக் காட்டியிருக்கும்.

6. திட்டமிடலின் இயல்பு

கேட்போர் ஏன் மறக்கப்படுகின்றனர் என்பதற்கு நிறுவனக் காரணங்கள் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010-ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆசிரியர் பதவி உயர்வுக்குக் கல்விச் செயல்திறன் குறியீட்டெண்ணை அறிமுகப்படுத்தின. ஆய்வுப் பிரிவில் அனைத்துலகக் கருத்தரங்கில் கட்டுரை படித்தால் 10, தேசிய நிலையில் 7.5, மாநில நிலையில் 5, உள்ளூர் நிலையில் 3 என மதிப்பெண்கள் வகுக்கப்பட்டன. 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளில் இவை குறைக்கப்பட்டு, வெளிநாட்டில் 7, உள்நாட்டு அனைத்துலக நிலையில் 5, தேசிய நிலையில் 3, மாநில அல்லது பல்கலைக்கழக நிலையில் 2 என மாற்றப்பட்டன. இரு முறைகளிலும் படிப்பவர்க்கே ஆய்வு மதிப்பெண் வைக்கப்பட்டது. 2010 விதிமுறைகளில் பங்கேற்பு தொழில் வளர்ச்சி என்னும் வேறு பிரிவில் எண்ணப்பட்டது. கூர்ந்து கேட்டு வினாவெழுப்புதல் ஆய்வுச் செயலாகக் கணக்கிடப்படவில்லை. ‘அனைத்துலக’ என்னும் அடைமொழி கருத்தரங்குத் தலைப்புகளில் பெருகியதற்கு இவ்வளவீடும் ஒரு காரணமாயிற்று எனல் தவறாகாது.

அமர்வின் கணக்கும் இதற்குத் துணைபோகிறது. 90 மணித்துளி அமர்வில் நான்கு கட்டுரைகள், கட்டுரைக்கு 20 மணித்துளி எனக் கொண்டால் 80 கழிகின்றன. தலைவரின் முன்னுரைக்கும் நன்றிக்கும் விவாதத்திற்கும் எஞ்சுபவை 10 மணித்துளிகளே. சென்னையிலிருந்து புதுதில்லிக்கு ஏறத்தாழ 2,180 கிலோமீட்டரைத் தமிழ்நாடு விரைவு வண்டியில் இரண்டு இரவுகளில் கடந்து வரும் ஆசிரியர், தம் கட்டுரையைச் சுருக்கிப் படித்துச் சான்றிதழுடன் திரும்புகிறார். தில்லியில் அவர் தங்கும் உறவினர் இல்லத்தில், அவ்வுறவினரின் மகளோடு ஆங்கிலப் பாடம் குறித்து அவர் நிகழ்த்தும் உரையாடல், அமர்வில் நிகழ்ந்ததைவிடத் துறைக்குப் பயனுடையதாக இருக்கக்கூடும். அதற்குக் கருத்தரங்கில் இடமில்லை.

இந்தியப் பல்கலைக்கழகத் தமிழாசிரியர் மன்றத்தின் நடைமுறை இங்கு ஒப்பிடத்தக்கது. அம்மன்றம் ஆண்டுக் கருத்தரங்குக் கட்டுரைகளை ‘ஆய்வுக்கோவை’ எனும் பெயரில் முன்னரே அச்சிட்டு அரங்கில் வழங்கி வந்தது. மிராண்டா ஹவுஸ் கருத்தரங்கின் கட்டுரைகள் நூலாக மூன்றாண்டுகள் ஆயின. முன்னதில் விரைவும் பரப்பும் உண்டு. பக்க வரையறையால் ஆழம் குன்றியது. பின்னதில் தேர்வும் செம்மையும் உண்டு. கேட்டவர் எழுப்பிய வினாக்கள் தனியே தெரியாமல் கட்டுரைக்குள் கரைந்தன. முன்கூட்டி அச்சிடும் முறை கேட்போர்க்குப் படித்துவரும் வாய்ப்பை அளிக்கிறது. அவ்வாய்ப்பைப் பயன்கொள்ள வேண்டுமாயின் அரங்கில் மீண்டும் படித்தலைத் தவிர்த்து விவாதத்திற்கே நேரத்தை ஒதுக்குதல் வேண்டும்.

7. கேட்போரை முன்வைக்கும் திட்டம்

மேற்கூறியவற்றால் ஆங்கில ஆசிரியர் கருத்தரங்குகளைத் திட்டமிடுவோர் கருத வேண்டிய சில நெறிகள் புலனாகின்றன. முதலாவதாக, மொழிபெயர்ப்புப் பாடம் ஒவ்வொன்றும் விவாதிக்கப்படும் அமர்வில் மூலமொழி அறிந்த ஒருவர் காரணிகராக அமர்தல் வேண்டும். தில்லிப் பல்கலைக்கழகத்திலேயே தமிழ் உள்ளிட்ட மொழிகளைக் கற்பிக்கும் நவீன இந்திய மொழிகள் மற்றும் இலக்கியக் கல்வித் துறை உள்ளது. சாகித்திய அகாதெமி 1954 முதல் அந்நகரில் இயங்கி வருகிறது. தமிழ்ப் பள்ளிகளின் ஆசிரியர்களும் உளர். எனவே ஆளின்மை ஒரு காரணமாகாது.

இரண்டாவதாக, கட்டுரைச் சுருக்கத்தோடு வகுப்பறைச் சான்று ஒன்றையும் கோருதல் தகும். ஒரு பாடலை இரு மொழிகளில் விளக்கிய பதிவோ, மாணவர் செய்த மொழிபெயர்ப்போ, அதிற் கண்ட பிழைகளின் பட்டியலோ அச்சான்றாகலாம். பிழைகள் மொழியியலார்க்குத் தரவுகள், மொழிபெயர்ப்பாளர்க்கு எச்சரிக்கைகள். மூன்றாவதாக, கட்டுரைகளை முன்னரே வழங்கி, அமர்வு நேரத்தில் பாதியையேனும் வினா விடைக்கு ஒதுக்குதல் வேண்டும். நான்காவதாக, தேர்ந்த கட்டுரைகள் சிலவற்றை இந்திய மொழிகளில் பெயர்த்து, பெயர்ப்பாளர் சந்தித்த இடர்ப்பாடுகளையும் தொகுதியிற் சேர்த்தல் வேண்டும். ‘நாம்’, ‘நாங்கள்’ போன்ற இடங்களில் மூலக் கட்டுரையாசிரியரே தம் கருத்தைத் தெளிவுபடுத்த நேரும்.

இந்நெறிகளுக்கு எதிராக ஒரு தடை எழலாம். மூலமொழி அறிந்தவரே மொழிபெயர்ப்பை மதிப்பிடத் தக்கவர் எனின், பெயர்ப்பை மட்டும் படிக்கும் பெரும்பான்மை வாசகரின் வாசிப்பு தாழ்ந்ததாகிவிடாதா என்பது அது. இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. பெயர்ப்பு தன்னளவில் ஒரு நூல். அதனைத் தன்னளவில் படிக்கும் உரிமை எவர்க்கும் உண்டு. காரணிகரின் பணி அவ்வாசிப்பைத் தடுப்பதன்று. எது மூலத்தின் குரல், எது பெயர்ப்பாளர் தேர்வு, எது அச்சின் பிழை என வேறுபடுத்திக் காட்டுவதோடு அப்பணி நிறைவுறுகிறது. வஞ்சி பற்றி அறிந்தபின் தமிழறியாத வாசகரும் அக்காண்டத்தை வளமாகவே படிப்பர்.

முடிவுரை

1988-ஆம் ஆண்டுக் கருத்தரங்கு ஆங்கிலம் ஏன் கற்பிக்கப்படுகிறது என்னும் வினாவை எழுப்பியது. அதன் பயனாகப் பாடத்திட்டம் விரிந்தது. இளங்கோவடிகளும் பாமாவும் சுகிர்தராணியும் தில்லியின் ஆங்கில வகுப்பறையில் நுழைந்தனர். அவர்களைக் கேட்கத் தக்க அவை அதே அளவில் விரியவில்லை. எழுத்துப்பிழை திருத்தப்படாமல் நின்றதும், நூல்கள் நீக்கப்பட்டபோது அவற்றின் மொழி பற்றிய வாதம் மெலிந்திருந்ததும் இந்நிலையின் விளைவுகளாகும்.

பாயிர மரபு நூலின் சிறப்புகளுள் ஒன்றாகக் கேட்போரை எண்ணியது. ஆங்கில ஆசிரியர் கருத்தரங்கும் அவ்வாறு எண்ணத் தொடங்கின், பல்கலைக்கழக வளாகத்தின் அரங்கும் லக்ஷ்மிபாய் நகர் வகுப்பறையும் ஒரே களனாகும். அக்களனில் பேசப்படும் தன்மைப் பன்மையைத் தமிழில் பெயர்ப்பவர் ஐயமின்றி ‘நாம்’ என்றே எழுத இயலும்.